நாயின் மூக்கும் மலைக்காடையும்

சகோரம் என்றவுடன் நம்மவர்க்கு நினைவுக்கு வருவது நிலவு. நிலாக்கிரணத்தையே உண்டு உயிர்வாழும் பறவை அது என்று புராணிகர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இரயில்வே உத்தியோகத்தின் பொருட்டுக் குமாவோன் மலையடிவாரத்திலுள்ள காத்கோதாமுக்கு வந்து சேர்ந்த பிறகுதான், சகோரம் கற்பனைப் பறவையன்று, கண்ணால் காணக்கூடியது, கௌதாரியின் சுற்றத்தைச் சேர்ந்தது என்று தெரிந்துகொண்டோம். இங்குள்ளோர் அதனைச் 'சக்கோர்' என்கின்றனர். சாம்பல் நிற உடல், கண்ணின் குறுக்கே ஓடிக் கழுத்தைச் சுற்றி வரும் கறுப்புப் பட்டை, செந்நிற அலகு, செந்நிறக் கால்கள். அது உண்பது நிலவையன்று. புல்விதையும் இளந்தளிரும் பூச்சியுமே அதன் உணவு.

இச்சகோரத்தையும் இதன் உறவினங்களையும் நாய்களைக் கொண்டு வேட்டையாடிய வழக்கம் இம்மலைகளில் ஒரு காலத்தில் சிறந்திருந்தது. அதைப் பற்றியும், அவ்வேட்டையினூடே நம் கையைவிட்டு நழுவிய ஒரு சிறு பறவையைப் பற்றியும் இவ்விதழில் எழுத முற்படுகிறோம். வேட்டையைப் புகழ்வது நம் நோக்கமன்று. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் கடிவாளம் இட்டது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம், பொழுதுபோக்கு வேட்டைக்கு எஞ்சியிருந்த வாயிலையும் அடைத்தது. அது நன்றே. ஆயினும் துப்பாக்கியை ஒழித்தபோது அதனோடு சேர்ந்து ஒழிந்துபோன ஒரு கலையுண்டு. அக்கலை இன்று நமக்குத் தேவைப்படுகிறது என்பதே நாம் சொல்ல வந்தது.

மலைச்சரிவுப் பறவைகளின் இயல்பை முதலில் கூறுவோம். மயிலும் கொக்கும் தம்மை மறைத்துக் கொள்வதில்லை. கௌதாரி, காடை, காட்டுக்கோழி வகைகளோ நிலத்தோடு நிலமாய் ஒட்டிக் கிடப்பவை. ஆபத்து வருமாயின் இவற்றிற்குத் தெரிந்த உபாயங்கள் மூன்று: அசையாதிருத்தல், ஓடுதல், பறத்தல். பறத்தலைக் கடைசியில்தான் கைக்கொள்ளும். சகோரத்திற்கு இதில் ஒரு தனித் தந்திரம் உண்டு. துரத்தினால் மலைமீது ஓடும். உச்சியை அடைந்ததும் சிறகை விரித்து, ஏறிவந்தவன் தலைக்குமேலாகவே கீழே இறங்கிவிடும். இச்சகோரம் இந்நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, நெவாடா முதலிய மேற்கு மாநிலங்களின் வறண்ட குன்றுகளிலே இன்று பெருகி வாழ்கிறது. அங்கு ஒவ்வோராண்டும் இலையுதிர் காலத்தில் தொடங்கிப் பனிக்கால நடுப்பகுதி வரையில் அதனைச் சட்டப்படி வேட்டையாடுகின்றனர். ஒரு முறை சகோர வேட்டைக்குச் சென்றவன் மறுமுறை செல்வது அதன்மீதுள்ள வஞ்சத்தினால்தான் என்று அங்குள்ளோர் வேடிக்கையாகச் சொல்வதுண்டாம். அம்மலைகளில் ஏறி இறங்கியவன் முழங்கால் அதை ஒப்புக்கொள்ளும்.

இப்படிப்பட்ட பறவையை மனிதன் தன் கண்ணை மட்டும் நம்பித் தேடுவது வீண். புல்லின் நிறமும் பறவையின் நிறமும் ஒன்று. ஆகவேதான் நாய் வேண்டியதாயிற்று. நம் நாட்டில் குறிஞ்சி நில வேட்டுவன் ஞமலியோடு திரிந்த காலந்தொட்டு இது வழக்கிலிருப்பதே. மேல்நாட்டார் செய்ததெல்லாம், வேலைக்கேற்ப நாய்களை வகைப்படுத்தி வளர்த்ததுதான். 'பாயிண்டர்' என்னும் நாய் பறவையின் வாடையை அறிந்தவுடன் சிலைபோல் நின்றுவிடும். மூக்கு பறவையிருக்கும் திசையை நோக்கியிருக்கும், ஒரு முன்னங்கால் பெரும்பாலும் மடங்கியிருக்கும். 'செட்டர்' நாயும் அவ்வாறே, சற்றுப் பதுங்கி நிற்கும். 'ஸ்பானியல்' குட்டையான நாய். முட்புதருக்குள் புகுந்து பறவையைக் கிளப்பிவிடுவது அதன் வேலை. 'ரெட்ரீவர்' சுடப்பட்டு வீழ்ந்ததைப் பல் படாமல் வாயிற் கவ்விக் கொண்டுவந்து கொடுப்பது. அடிபட்ட பறவை புதரில் கிடந்து நாளெல்லாம் துடித்துச் சாகாமல் காத்தது இந்நாயே என்பதையும் சொல்ல வேண்டும்.

நமது நிலையத்தில் பார்சல் பிரிவில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற குமாவோனிப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். இவ்வூர் வழக்கப்படி நாம் அவரைத் 'தாஜ்யூ' என்றே அழைப்போம். அண்ணா என்று பொருள். அவருடைய தந்தையார், வெள்ளைக்காரத் துரைமார் வேட்டைக்குச் செல்லும்போது பறவைப் பை சுமந்தவர். தந்தையிடம் கேட்டவற்றைத் தாஜ்யூ மாலை வேளைகளில் தேநீருடன் நமக்குச் சொல்வார்.

"பாபுஜி, கார்த்திகையில் பறவை பிடிப்பவன் வேட்டைக்காரன் இல்லை. அப்போது குஞ்சுகளெல்லாம் புதிதாக வளர்ந்து விவரமறியாமல் இருக்கும். எவன் போனாலும் கிடைக்கும். மாசியில் போய்ப் பார்க்க வேண்டும்" என்பார்.

அவர் சொன்னதில் உள்ள நுட்பத்தை நாம் பிற்பாடு படித்தும் தெரிந்துகொண்டோம். வேட்டைப் பருவத்தின் தொடக்கத்தில் கூட்டங்கள் பெரியவை. பறவைகள் நம்பிக்கையுடன் அருகே விட்டுக் கிளம்பும். பருவம் முதிர முதிர, அறியாதவை மடிந்து, அறிந்தவை எஞ்சுகின்றன. அவை காலடி ஓசை கேட்டவுடனே நழுவி ஓடும். கதவு அறைந்து சாத்தும் ஓசையும் மனிதர் உரக்கப் பேசும் குரலும் அவற்றிற்குப் பழகிய எச்சரிக்கைகள். ஆகவே கடைப்பருவ வேட்டையில் பேச்சில்லை, விசில்கூட இல்லை. கையசைவே நாய்க்குக் கட்டளை. இன்னொரு பக்கம், இலை உதிர்ந்து, புல் அறுபட்டு, மேல்மலையில் பனி மூடியிருப்பதால், பறவைகள் ஒதுங்குமிடமும் சுருங்கிப் போகிறது. வெயில் விழும் தெற்குச் சரிவு, அறுபடாமல் எஞ்சிய புல்திட்டு, நீரோடை ஓரத்து முட்புதர் ஆகிய இவற்றில்தான் அவை இருந்தாக வேண்டும். இடம் குறைவு, பறவையோ சாமர்த்தியசாலி. அனுபவமில்லாத நாய் இங்கே ஒன்றுக்கும் உதவாது.

நாய் எப்போதும் காற்றை எதிர்கொண்டு செல்ல வேண்டும். காற்று பின்னாலிருந்து வீசினால் வாடை அதன் மூக்குக்கு எட்டாது. அதற்கு மாறாக நம் வாடை பறவைக்கு முன்னே போய்விடும் என்று தாஜ்யூ சொல்வார். (பறவைக்கு அவ்வளவு மோப்பம் உண்டா என்பதில் நமக்கு ஐயமுண்டு, ஓசை போய்விடும் என்றால் ஒத்துக்கொள்ளலாம்.) காலைப் பனி நீங்கி நிலம் சற்று ஈரமாயிருக்கும் நேரத்தில் வாடை தரையோடு தங்கும். நடுப்பகல் வெயிலில் அது மேலெழுந்து கலைந்துவிடும். மலையில் காற்று பகலில் பள்ளத்திலிருந்து மேல்நோக்கியும் அந்தியில் மேலிருந்து கீழ்நோக்கியும் வீசுகின்றபடியால், காலையில் மேலேயிருந்து இறங்கித் தேடுவதும் மாலையில் கீழேயிருந்து ஏறித் தேடுவதும் முறை. இதை எந்தச் சாஹிபு எந்தப் புத்தகத்தில் எழுதினாரோ, மலைவாசிக்கு இது பாட்டன் சொத்து.

இந்தக் கலை வெள்ளையர்க்கே உரியதன்று என்பதற்கு இன்னொன்றும் சொல்லலாம். நம் குடியிருப்புக்குப் பின்னே, தண்டவாளத்திற்கும் ஓடைக்கும் நடுவே ஒரு முட்புதர்க்காடு உண்டு. அங்கே சாம்பற் கௌதாரிகள் விடியலில் கத்தும். தெருவில் வளரும் சாதாரணக் கறுப்பு நாயொன்று ஒருநாள் அப்புதரருகே நடை நின்று, வாலை நீட்டி, ஒரு காலை மடக்கி அசையாது நின்றதை நம் வீட்டுப் பிள்ளைகள் காட்டினர். நாழிகை ஒன்று போலத் தோன்றியது; ஐந்து நிமிடம்தான் இருக்கும். பிறகு இரண்டு கௌதாரிகள் விர்ரென்று எழுந்தன. அந்நாய்க்கு அதனை யார் கற்பித்தார்?

குமாவோன் வேட்டையைப் பற்றிப் பேசுவோர் ஜிம் கார்பெட்டை விட்டுவிட இயலாது. புலி வேட்டையால் உலகறிந்த அவர் இளமையில் இரயில்வேத் தொழிலாளர் என்பதை நம் நண்பர்கள் பலர் அறியார். பீகாரிலுள்ள மொகாமா காட் என்னும் இடத்தில், அகலப்பாதை வண்டியிலிருந்து குறுகிய பாதை வண்டிக்குச் சரக்கு மாற்றும் ஒப்பந்தத்தைச் சுமார் 20 ஆண்டுகள் நடத்தியவர். சரக்கு மாற்றுவதன் அவதியை அறிந்த நாம் அவரைப் புலிகளுக்காக மட்டுமன்றி இதற்காகவும் மதிக்கிறோம். அவரிடம் 'ராபின்' என்றொரு ஸ்பானியல் நாய் இருந்தது. கூட்டத்திலேயே மெலிந்து ஒதுங்கிக் கிடந்த குட்டியை 15 ரூபாய்க்கு வாங்கினார். அதுவே பின்னர் அவருடன் காடெல்லாம் திரிந்து, அவர் எழுதிய 1944ஆம் ஆண்டுப் புத்தகத்தில் தனி அத்தியாயம் பெற்றது.

கார்பெட் 1875ஆம் ஆண்டு நைனிதாலில் பிறந்தார். அதற்கு அடுத்த ஆண்டில், அதே நைனிதால் மலையில், நாம் முன்னர்க் கூறிய அச்சிறு பறவை கடைசி முறையாகச் சுடப்பட்டது.

அதன் பெயர் இமாலயக் காடை. மலைக்காடை என்றும் சொல்வர். அறிஞர் வழங்கும் பெயர் ஒஃப்ரீசியா சூப்பர்சிலியோசா. காடையிற் பெரிது, கௌதாரியிற் சிறிது. ஆண் கருஞ்சாம்பல் நிறம். நெற்றியிலும் புருவத்திலும் வெண்மை. அலகும் கால்களும் சிவப்பு. பெண் கபில நிறம், கரும்புள்ளிகள் கொண்டது. ஐந்தாறு பறவைகளாகக் கூடி, மலைமுகட்டுச் சரிவுகளில் நெடும்புல்லுக்குள் வாழ்ந்தது. காலால் மிதிபடும் நிலை வந்தாலொழியப் பறக்காது; பறந்தாலும் சிறு தொலைவில் மீண்டும் புல்லில் விழுந்து மறைந்துவிடும். இப்படிப்பட்டதைக் காண்பதற்கு நாய் இல்லாமல் வழியில்லை என்பது சொல்லாமலே விளங்கும்.

இதன் வரலாறு முழுவதையும் ஒரு தாளில் எழுதிவிடலாம். 1846இல் கிரே என்னும் அறிஞர் இங்கிலாந்திலே ஒரு பிரபுவின் சேகரிப்பிலிருந்த பறவையைக் கண்டு பெயரிட்டார். அது இந்தியாவில் எங்கிருந்து வந்ததென்றே அவருக்குத் தெரியாது. பின்னர் 1865ஆம் ஆண்டு நவம்பரில் மசூரிக்குப் பின்புறம் பத்ராஜ், பெனோக் என்னும் மலைகளுக்கு நடுவில், வேட்டைக்குச் சென்றவர்கள் ஒரு சோடியை வீழ்த்தினர். 1867-68 குளிர்காலத்தில் மசூரிக்குக் கீழேயுள்ள ஜரிபானியில் சில காணப்பட்டன. ஜரிபானி நம் இரயில்வேக் குடும்பங்களுக்குத் தெரிந்த ஊர். 1888இல் ஏற்பட்டு இன்றும் இரயில்வேயால் நடத்தப்படும் ஓக் குரோவ் பள்ளிக்கூடம் அங்கேதான் இருக்கிறது. நம் பிள்ளைகள் சிலர் படித்த அம்மலைச் சரிவில்தான் அப்பறவை மேய்ந்தது. அதன்பின் 1876இல் நைனிதாலின் ஷேர்-கா-டண்டா முகட்டில் ஒன்று சுடப்பட்டது. அவ்வளவுதான். உலக அருங்காட்சியகங்களில் இருப்பவை எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு டஜன் தோல்கள்.

இவ்விவரங்களைத் திரட்டி அச்சேற்றியவருள் முதன்மையானவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். ஆம், 1885இல் காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணமாயிருந்த அதே ஹியூம்தான். இந்தியாவின் வேட்டைப் பறவைகளைப் பற்றி மார்ஷல் என்பாருடன் கூடி 1879 முதல் 1881 வரையில் மூன்று தொகுதிகள் வெளியிட்டார். இந்தியப் பறவைகளனைத்தையும் பற்றிப் பெருநூலொன்று எழுத ஆண்டுக்கணக்கில் சேர்த்த கையெழுத்துப் பிரதியை, அவர் வெளியூர் சென்றிருந்த சமயம், சிம்லாவில் அவர் வேலைக்காரன் பழைய காகிதமாகக் கடைத்தெருவில் விற்றுவிட்டான். அதன்பின் ஹியூம் பறவையாராய்ச்சியிலே மனம் கசந்தார். எத்தனை மிட்டாய்ப் பொட்டலங்களில் எத்தனை பறவைகள் மடிந்து போயினவோ!

மலைக்காடை ஏன் மறைந்தது? துப்பாக்கி மட்டும் காரணமென்று கூறிவிட இயலாது. ஒரு டஜன் பறவைகளைச் சுட்டதால் ஓரினம் அழிந்துவிடாது. அது அக்காலத்திலேயே அருகியிருந்தது என்றே எண்ணத் தோன்றுகிறது. மலைப்புல்லை மாட்டுக்கு அறுப்பதும், புதுத்தளிர் வர வேண்டிப் பழைய புல்லைக் கொளுத்துவதும் இங்கு வழக்கம். மசூரியும் நைனிதாலும் ஊராகிப் பெருகின. அதே சரிவுகளில், அதே புல்லில் வாழும் 'சீர்' என்னும் நெடுவாற் காட்டுக்கோழியும் பல இடங்களில் அருகிவிட்டது. ஆயினும் அது உரக்கக் கூவுவதால் இருக்குமிடத்தைத் தானே தெரிவித்துவிடுகிறது. மலைக்காடைக்கு அத்தகைய குரல் இல்லை. அது சிறு சீழ்க்கையொலி எழுப்பியதாகவே பழைய குறிப்புகள் சொல்லும்.

எனினும் அதனை முற்றிலும் மறைந்ததாக உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தினர் இன்னும் அறிவிக்கவில்லை. மிகமிக ஆபத்திலுள்ள இனங்களின் வரிசையிலேயே வைத்திருக்கின்றனர். 1993இல் மசூரியையடுத்த பெனோக் மலையில் இப்பறவையின் பெயராலேயே ஒரு சரணாலயமும் ஏற்படுத்தினர். பறவையைக் காணோம், பறவைக்கு வீடு மட்டும் கட்டி வைத்துக் காத்திருக்கிறோம். இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆந்திராவில் கடப்பையருகே ஜெர்டன் பெயர் கொண்ட பறவை 1900க்குப் பின் காணப்படாமலிருந்து 1986இல் மீண்டும் அகப்பட்டது. அதனை அகப்படுத்தியவர், ஆராய்ச்சியாளர் விசாரித்தபோது அப்பறவையைத் தெரியுமென்று கூறிய உள்ளூர்ப் பறவை பிடிப்பவர் ஒருவரே. வேட்டையறிவு அங்கே உதவிற்று.

இங்கே மலைக்காடையைத் தேடியவர்கள் பலர். புல்மலைகளில் நடந்தனர், மலைவாசிகளிடம் படத்தைக் காட்டிக் கேட்டனர், தானே படமெடுக்கும் கேமராக்களும் இக்காலத்தில் உண்டு. இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் மிதிபடும்வரை எழாத பறவையை நடப்பவன் கண்ணால் காண்பதெங்ஙனம்? பத்தடி தள்ளிப் போனால் அவன் அதைக் கடந்துவிட்டவனே. முன்னோர் அதனை எப்படிக் கண்டனரோ அப்படியே தேடுதல் அன்றோ முறை? கையில் துப்பாக்கியின்றி, நாயின் வாயில் கூடுபோன்ற மூடியிட்டு, பருவத்தின் கடைசியில் புல் அறுபட்டுப் பறவையின் புகலிடம் சுருங்கியிருக்கும் மாசி மாதத்தில் ஒவ்வொரு சரிவாக அலசினால், பறவை இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

இது நம்முடைய கனவன்று. நியூசீலந்து நாட்டில் 'காகபோ' என்னும் பறக்கவியலாப் பெருங்கிளியைக் காப்பாற்ற, ரிச்சர்டு ஹென்றி என்பவர் 1890களிலேயே வாய் மூடிய நாயைக் கொண்டு தேடிப் பிடித்துத் தீவொன்றில் கொண்டுபோய் விட்டார். அத்தீவிற்கு மரநாய் இனத்தைச் சேர்ந்த ஒரு கொடிய பிராணி நீந்திச் சென்றுவிட்டபடியால் அம்முயற்சி பலிக்கவில்லை. ஆனால் முறை பலித்தது. 1977இல் அந்நாட்டின் தென்கோடித் தீவில் எஞ்சிய காகபோக்கள் இருப்பது தெரிந்தபோது, அவற்றைத் தேடவும் நாய்களே பயன்பட்டன. 1995இல் 51 ஆகக் குறைந்துபோன அவ்வினம் 2022இல் 250ஐத் தொட்டது. இன்றும் அந்நாட்டு அரசாங்கம் பறவை தேடும் நாய்களைப் பழக்கிப் பரீட்சை வைத்தே காட்டுக்குள் விடுகிறது.

நம் நாட்டிற்கும் இது முற்றிலும் புதிதன்று. 2008 முதல் நம் வனத்துறையினர்க்குத் துணையாக மோப்ப நாய்கள் பழக்கப்பட்டுப் புலித்தோல், எலும்பு முதலியன கடத்துவோரைப் பிடித்துக் கொடுத்து வருகின்றன. இரயில் நிலையங்களிலே பார்சலை முகர்ந்து செல்லும் நாய்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். செத்த புலியின் தோலைக் கண்டுபிடிக்கப் பழக்கிய நாயை, உயிருள்ள காடையைக் கண்டுபிடிக்கப் பழக்குவதில் என்ன தடை? இடையூறுகள் உண்டென்பதை ஒப்புக்கொள்கிறோம். முகர்ந்து பழகுவதற்கு அப்பறவையின் வாடை நம்மிடம் இல்லை. ஆகவே அவ்வகைப் பறவைகள் அனைத்தையும் கண்டு நிற்கும் நாயே வேண்டும். அஃது ஒரு நாளில் இருபது முறை கௌதாரிக்கும் காலிஜ் கோழிக்கும் நிற்கும். உடன் செல்பவனுக்குப் பொறுமை வேண்டும். இன்னொன்று, இம்மலைகளில் சிறுத்தைக்கு நாயிறைச்சி மிகவும் பிரியம். இடையர்களுடைய பெருநாய்கள் கழுத்தில் இரும்பு முள் பட்டை அணிந்து திரிவது அதற்காகவே. தேடச் செல்லும் நாய்க்கும் அப்பட்டை வேண்டும். முட்டையிடும் பருவத்தில் நாயை அனுமதிக்கலாகாது; பங்குனி பிறக்குமுன் முடித்துவிட வேண்டும்.

தாஜ்யூவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "நாய் கிடைக்கும் பாபுஜி. நாயின் பின்னால் நடக்கத் தெரிந்த ஆள்தான் குறைந்துபோனான்" என்றார். அவருடைய தந்தை காலத்தவர் எவரும் இன்றில்லை. தாஜ்யூவுக்கே எழுபது கடந்துவிட்டது.

கோடை விடுமுறையில் மசூரிக்கும் நைனிதாலுக்கும் குடும்பத்துடன் வரும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. பெனோக் சரணாலயம் மசூரியிலிருந்து 11 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது, நடந்தும் செல்லலாம். வீட்டு நாயை அங்கு அழைத்துச் செல்ல வேண்டாம். பழக்கமில்லாத நாய் குஞ்சுகளைக் கலைத்துவிடும். புல்லோரத்தில் கபில நிறமாய் ஓடுவது பெரும்பாலும் பெண் காலிஜ் கோழியாயிருக்கும். அது வீட்டுக் கோழியளவு இருக்கும், தலையில் கொண்டையும் உண்டு. கௌதாரியிற் சிறியதாய், கருமை படர்ந்து, புருவம் வெளுத்து, அலகு சிவந்த ஒன்று தென்படுமாயின் அதைத் துரத்த வேண்டாம். நின்ற இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, கூடுமானால் ஒரு படம் எடுத்து, அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் அன்றைக்கே தெரிவியுங்கள்.